ஆண்டூயி சட்டிக்கு, பூடான் வண்டிக்கு

லப்ளாஸ் ஊரில் ஆண்டூயி என்கிற புகைபோட்ட பன்றிக்கறி சாசேஜை வாங்கி, நேராகக் கரியடுப்பில் சுட்டு, பன்னுக்குள் வைத்துக் கடுகு சாஸ் ஊற்றித் தின்னலாம் என்று இருப்பவர்களுக்கு இந்த மதிப்புரை உதவாது. அதற்கென்று வேறு சாசேஜ் இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன். ஆண்டூயி சட்டிக்குள் போக வேண்டிய சாமான். லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜில், டைகர் ஸ்டேடியத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு விடிகாலையிலிருந்து சமைக்கிற ரசிகர்கள் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

நான் யார் என்று சொல்லிவிட்டால் சிபாரிசை எடை போட வசதியாக இருக்கும். பிறந்தது நாகர்கோவில் பக்கம், கிறிஸ்மஸுக்குப் பன்றிக்கறி சமைக்கிற வீடு. வேலை, மிசிசிப்பி ஆற்றங்கரை ஆலை ஒன்றின் ஆய்வகத்தில். வீட்டுக்காரர் எல்.எஸ்.யூ., அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். எனக்கோ அந்த ஆட்டத்தில் நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் நகர்ந்தாக வேண்டும் என்பது வரைதான் பிடிபடும். அதற்கு மேல் அவர் விளக்க ஆரம்பித்தால் நான் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விடுவேன். அப்படிப் போய்ப் போய்ச் சேர்த்ததுதான் கீழே இருப்பதெல்லாம்.

ஆட்டத்துக்கு முன் ஸ்டேடியத்துக்கு வெளியே இப்படிச் சமைத்துச் சாப்பிடுவதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர், தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.எஸ்.யூ.வின் டைகர் ஸ்டேடியம் 1924இல் திறந்தது. இன்றைக்கு 1,02,321 பேர் உட்காரலாம். இங்கே பெரிய ஆட்டங்கள் சனிக்கிழமை இரவில் நடந்தால்தான் ஊருக்குத் திருப்தி. ஆனால் அடுப்பு மூட்டுவது காலையில். வீடு போன்ற பெரிய வண்டிகளில் வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். கேஸ் அடுப்பு, கறுப்பு இரும்புச் சட்டி, படகுத் துடுப்பு மாதிரி நீண்ட மரக்கரண்டி, ஐஸ் பெட்டிகள், ஊதாவும் பொன்மஞ்சளுமாகக் கூடாரங்கள். டிக்கெட்டே வாங்காமல், சமைக்கவும் சாப்பிடவும் மட்டும் வருகிற கூட்டமும் கணிசமாக உண்டு.

1988 அக்டோபர் 8 அன்று ஆபர்ன் அணியை 7க்கு 6 என்று ஜெயித்த ஆட்டத்தில் கூட்டம் போட்ட கூத்து, பல்கலைக்கழக நில அதிர்வுக் கருவியில் பதிவானது. எங்கள் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் அந்த இரவில் உள்ளே இருந்தவர். என்னை இந்த ஊர் வழக்கப்படி ‘ஷா’ என்று செல்லமாகக் கூப்பிடுவார், நான் அவரை ‘சார்’ என்பேன். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் கடைசி நிமிடத்தில் தொடங்குவார், அன்று மதியம் சட்டியில் என்ன வெந்தது என்பதில் வந்து முடிப்பார்.

எதிரணிச் சட்டை போட்டு யாராவது நடந்து போனால் நாலு பக்கமும் ‘டைகர் பெய்ட்!’ என்று கத்துவார்கள். புலிக்கு இரை என்று அர்த்தம். கத்திய அதே ஆள் அடுத்த நிமிடம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, ‘சாப்பிட்டாயா?’ என்பார். ஃப்ளோரிடா அணியின் சின்னம் முதலை, அதனால் அவர்கள் வருகிற வாரம் முதலைக்கறி. ஆர்கன்சாவின் சின்னம் காட்டுப்பன்றி, அந்த வாரம் முழுப் பன்றி சுடுவார்கள். அலபாமாவின் சின்னம் யானை. அதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன்.

லப்ளாஸ், பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே, நியூ ஆர்லியன்ஸை ஒட்டினாற்போல் இருக்கிறது. தன்னை உலக ஆண்டூயித் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிற ஊர், அக்டோபரில் திருவிழாவே நடத்துகிறது. 1720களில் இந்த ஆற்றங்கரையில் ஜெர்மானியர்கள் வந்து குடியேறினார்கள். அதனால் ‘ஜெர்மன் கரை’ என்றே இதற்குப் பெயர். பெயர் பிரெஞ்சு, புகைபோடும் கைப்பழக்கத்தில் ஜெர்மானியர் பங்கும் உண்டு, மிளகாய் லூசியானாவுடையது. பிரான்சில் இதே பெயரில் விற்பது குடலை அடைத்துச் செய்வது, வாடையே வேறு. இங்கே உள்ளே இருப்பது பன்றியின் தோள்பட்டைக் கறி.

ஏர்லைன் நெடுஞ்சாலையில் 1928இலிருந்து நடக்கிற ஜேக்கப்ஸ் கடைதான் என் முதல் சிபாரிசு. கறியை மாவாக அரைக்காமல் பெரிய துண்டாக வைத்து, பூண்டு, உப்பு, மிளகு, காய்ந்த மிளகாய்த்தூள் பிசறி, தடித்த உறைக்குள் அடைத்து, பீக்கன் விறகுப் புகையில் மணிக்கணக்காக நிதானமாக வைப்பார்கள். வெளித்தோல் கிட்டத்தட்டக் கறுப்பு. நறுக்கினால் குறுக்குவெட்டில் கறித்துண்டுகள் தனித்தனியாகத் தெரியும், நடுவே கொஞ்சமே கொஞ்சம் கொழுப்பு. பச்சையாக மோந்து பார்த்தால் முதலில் வருவது புகை, பின்னாலேயே பூண்டு. காரம் நம் நாக்குக்கு ஒன்றுமே இல்லை. ‘ஜாக்கிரதை, உறைக்கும்’ என்று இங்கே யாராவது எச்சரித்தால் சிரித்துவிட வேண்டாம், மனசு நோகும்.

இதைச் சுட்டுத் தின்றால் ஏன் சுகப்படாது என்றால், ஏற்கனவே புகையில் காய்ந்தது. அனல் பட்டால் இன்னும் இறுகும், உறை பல்லுக்கு ரப்பராக நிற்கும், உப்பு தூக்கலாகத் தெரியும். அதையே குழம்புக்குள் போட்டுப் பாருங்கள், அந்த உப்பும் புகையும் பூண்டும் மெல்ல இறங்கி முழுச் சட்டியையும் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்புக்கு நாலு துண்டு கருவாடு செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது. கருவாட்டை எடை போட்டு இறைச்சிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆண்டூயியையும் அப்படிப் பார்த்தால் விலை கசக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதே ஊரில் வெயின் ஜேக்கப்ஸ் என்று இன்னொரு கடை, சாப்பாட்டு மேசைகளும் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆண்டூயியைத் தாள் கனத்துக்குச் சீவி, மொறுமொறுவென்று பொரித்து, வறுவலாகத் தருவார்கள். அதைத் தட்டில் வைத்துவிட்டு யாராலும் பேசிக்கொண்டிருக்க முடியாது. என் வீட்டுக்காரர் ஆட்டத்தின் புள்ளிக்கணக்கையே மறந்தது அங்கேதான். பெய்லீஸ் என்ற மூன்றாவது கடைக்கும் கூடாரங்களில் விசுவாசிகள் இருக்கிறார்கள். எந்தக் கடை என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் கட்சி உண்டு, அப்பா வாங்கிய கடையைப் பிள்ளை மாற்றுவதில்லை. 2021 ஆகஸ்டு 29இல் வந்த ஐடா புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டபோது, ஆண்டூயி கிடைக்காத கம்போ (இந்த ஊர்க் குழம்பு) பருவம் வருமோ என்று கூடாரங்களில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன். வீடுகளைப் பற்றி விசாரித்த கையோடுதான் அதையும் விசாரித்தார்கள்.

பெரிய சங்கிலிக் கடைகளின் குளிர் அலமாரியில் ஆண்டூயி என்று எழுதி விற்பதைப் பற்றி ஒரு பத்தி போதும். பெயர் வேண்டாம். கறி நைசாக அரைபட்டிருக்கும், உறை பளபளக்கும், வாசனை புகைச் சாற்றிலிருந்து வந்ததாக இருக்கும். கம்போவில் போட்டால் அரை மணியில் ரப்பர் வட்டங்களாக மிதக்கும், சாறு அப்படியே வெளுப்பாக நிற்கும். காலைத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள நறுக்கி வதக்கினால் மோசமில்லை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். குறுக்குவெட்டுப் படம் உறையில் போட்டிருந்தால் அதைப் பாருங்கள், கறித்துண்டு தெரியாவிட்டால் வைத்துவிடுங்கள்.

இப்போது கம்போ. கூடாரத்துக்குக் கூடாரம் சண்டை இதில்தான் நடக்கிறது, எனக்குக் கிடைத்த துப்புகளில் முக்கால்வாசியும் இதைப் பற்றியவை.

இதற்கு அடிப்படை ‘ரூ’ என்கிற, எண்ணெயில் வறுத்த மாவு. எண்ணெய் ஒரு கப், மைதா ஒரு கப், அடி கனத்த சட்டி, நடுத்தரத் தீ. கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், கை எடுத்தால் கருகும். ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், தப்பிக்கிற வழி கிடையாது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு கடலைத்தோல் நிறம், பிறகு செப்புக்காசு, கடைசியில் சாக்லேட். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வம்பு. பெரியவர் சாக்லேட் கட்சி, நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து கிளறியவன் கம்போவைப் பற்றிப் பேசக்கூடாது என்பார். அவர் மனைவி எதிர்க்கட்சி. செப்புக்காசு நிறத்திலேயே நிறுத்திவிடுவார், ‘கறுக்கக் கறுக்கக் கெட்டித்தன்மை போய்விடும், அப்புறம் தண்ணீர் மாதிரி ஓடும்’ என்று காரணமும் சொல்வார். அவர் சொல்வது உண்மை. மாவு அதிகம் வறுபட்டால் சாற்றைக் கெட்டியாக்கும் சக்தி குறையும். கறுப்பு ரூ வேண்டுமென்றால் மாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு அந்த அம்மா காதோடு சொன்ன வழி: வெறும் மைதாவைத் தட்டில் பரப்பி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் வைத்து, அவ்வப்போது கிளறிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வறுத்தால் எண்ணெயே இல்லாமல் ரூ தயார். டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் வரும். சாவோய்ஸ், கேரிஸ் என்று புட்டியிலேயே ரூ விற்கிறார்கள். அதை வாங்கியதாகப் பொதுவில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் கடையில் தட்டு மட்டும் எப்படியோ காலியாகிக்கொண்டே இருக்கிறது.

நான் செய்கிற முறை இது. அரைக்கிலோ ஆண்டூயியைக் கால் அங்குல அரைவட்டமாக நறுக்கி, முதலில் அதே சட்டியில் வெறுமனே புரட்டி எடுத்து ஓரமாக வைப்பேன். கொழுப்பு அதிகம் விடாது, ஆனால் அடியில் ஒரு பழுப்பு படியும், அதை விடக்கூடாது. மேலே எண்ணெய் ஊற்றி ரூ கிளறுவேன். நிறம் வந்ததும் நறுக்கிய வெங்காயம் மூன்று, குடைமிளகாய் ஒன்று, செலரித் தண்டு மூன்று. இந்த மூன்றுக்கும் இங்கே ‘திரித்துவம்’ என்று பெயர், ஊரே கத்தோலிக்க ஊர். காய் விழுந்ததும் ரூவின் சூடு தணிந்து கருகுவது நிற்கும், அப்போதுதான் மூச்சு விடலாம். கொதிக்கிற ரூ கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

காய் வாடியதும் பூண்டு, பிரியாணி இலை மாதிரி இருக்கும் பே இலை இரண்டு, மூன்று லிட்டர் கோழிச்சாறு, எலும்போடு கோழித்தொடை ஒரு கிலோ, எடுத்து வைத்த ஆண்டூயி. ஒன்றரை மணி நேரம் சிறு தீயில். உப்பு கடைசியில்தான், ருசி பார்த்துவிட்டுத்தான். இது ரொம்ப முக்கியம். ஆண்டூயியிலேயே உப்பு இருக்கிறது, அதன் மேல் டோனி சாஷரீஸ் மசாலாவையும் தூவினால் சட்டி கெட்டது. இங்கே அந்தப் பச்சை டப்பா இல்லாத வீடு இல்லை, 1972இலிருந்து ஓபலூசஸ் ஊரில் செய்கிறார்கள், உப்பில்லாத வகையும் உண்டு. எனக்குச் சொல்லப்பட்ட விதி: டப்பாவைக் கோழியின் மேல் திறக்கலாம், குழம்பின் மேல் திறக்கக் கூடாது. இறக்கும்போது வெங்காயத்தாளும் பார்ஸ்லியும்.

தக்காளி போடலாமா என்று கூடாரத்தில் கேட்டால் திடீரென்று எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போடுகிறவர்கள் உண்டு, மேற்கே, பிரெஞ்சு வம்சாவளியினரான கேஜன் மக்களின் ஊர்களில் அதைப் பாவமாகப் பார்ப்பார்கள். வெண்டைக்காய் போட்டால் ஃபீலே தூள் வேண்டாம், ஃபீலே போட்டால் வெண்டைக்காய் வேண்டாம் என்பது அடுத்த விதி. ஃபீலே என்பது சாசஃப்ரஸ் இலையைக் காயவைத்து இடித்த தூள், சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்தது. அடுப்பில் கொதிக்கவிட்டால் நூல் நூலாக இழுக்கும், அதனால் தட்டில் தூவிக்கொள்ள வேண்டும். சோற்றுக்குப் பதிலாகக் கம்போவின் நடுவே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டை வைத்துத் தின்கிற ஆட்களும் இருக்கிறார்கள். முதல் வாய்க்கு விபரீதமாகத் தோன்றும். கடுகு தூக்கலாகச் செய்த சாலட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

இதே ஆண்டூயியை வைத்து ஆட்டம் இல்லாத நாளுக்கு ஒரு சமையல் உண்டு. திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸும் சோறும். நியூ ஆர்லியன்ஸில் ஒரு காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போனால் அது பாட்டுக்கு வேகும். ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை ‘சிவப்பு பீன்ஸும் சோறுமாகத் தங்கள்’ என்கிற பாணியில் முடித்துக் கையெழுத்துப் போடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பீன்ஸ் கமீலியா பிராண்டுதான் வாங்க வேண்டும், 1923இலிருந்து இருக்கிற நியூ ஆர்லியன்ஸ் கம்பெனி, தோல் மெல்லிசு, குழைந்து வரும். இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே திரித்துவம், பூண்டு, கால்கிலோ ஆண்டூயி, பே இலை. வெந்ததும் கால்பங்கு பீன்ஸைச் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிட்டால் சாறு பாலாகத் திரளும்.

குக்கரில் வைக்கலாமா என்று தயங்காதீர்கள். நான் குக்கரில்தான் வைக்கிறேன், பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ஸ்லோ குக்கரில் மட்டும் வேகாத பீன்ஸை நேராகப் போடாதீர்கள். இந்தச் சிவப்பு பீன்ஸில் வயிற்றைக் கலக்குகிற ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அது சாகும். ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாது. அரைமணி தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

அடுத்து பூடான், கறியும் சோறும் அடைத்த சாசேஜ். இதற்கு எதிர்த்திசையில், மேற்கே போக வேண்டும். பேட்டன் ரூஜிலிருந்து ஐ-10 சாலையில் ஏறினால் அட்சஃபலாயா சதுப்புநிலத்தின் மேல் சுமார் 18 மைல் நீளத்துக்குப் பாலம். தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனால் லாஃபயெட் வரும், அதைத் தாண்டியதும் ஸ்காட். 2012இல் மாநிலச் சட்டமன்றமே இதை உலகின் பூடான் தலைநகர் என்று அறிவித்தது. ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் வருகிற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் வருகிறார்கள், பெரும்பாலும் ஹாம்பர்கர் தின்றுவிட்டு. 97ஆம் வெளிவழியில் இறங்குங்கள், ஐந்து நிமிட வேலை.

அங்கே 1986இல் தொடங்கிய பெஸ்ட் ஸ்டாப்தான் எனக்குப் பிடித்த கடை. வெளியே பார்த்தால் சாதாரணப் பலசரக்குக் கடை. உள்ளே நேராகக் கல்லாப் பக்கம் போய் எத்தனை வேண்டும் என்று சொன்னால் ஆவி பறக்கிற பூடானை எடுத்துத் தாளில் சுற்றித் தருவார்கள். உள்ளே வேகவைத்துக் கொத்திய பன்றிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள், பார்ஸ்லி, மிளகு. ஒரு முனையைக் கடித்துத் திறந்து, மறுமுனையிலிருந்து விரலால் தள்ளி, உள்ளே இருப்பதை மட்டும் வாய்க்குள் வாங்க வேண்டும். உறையைத் தூக்கிப் போட்டுவிடலாம். மேசை, நாற்காலி எல்லாம் தேட வேண்டாம், கார் பானெட்டின் மேல் தாளை விரித்து நின்றுகொண்டே தின்பதுதான் இங்கே மரியாதை.

ருசி? சோறு குழைந்து, மிளகு முன்னால் நிற்க, ஈரல் பின்னால் அடக்கமாக இருக்கும். ஈரலே பிடிக்காதவர்கள் கூட இந்தக் கடையில் தப்பித்துக்கொள்ளலாம். அருகிலேயே இருக்கிற பில்லீஸ் கடையில் பூடானை உருட்டி, நடுவே மிளகாய் சேர்ந்த சீஸ் வைத்துப் பொரித்த உருண்டை வாங்குங்கள், உறையோடு மல்லுக்கட்டப் பிடிக்காத குழந்தைகளுக்கு அது சரி. கூடவே ஒரு பை க்ராக்லின், அதாவது தோலும் கொழுப்பும் கொஞ்சம் கறியும் சேர்த்துப் பொரித்த துண்டுகள். ஒரு பை மூன்று பேருக்கு. தனியாக ஒரு பையை முடித்தவரை எனக்குத் தெரியும், அன்றைய ஆட்டத்தை அவர் படுத்துக்கொண்டுதான் பார்த்தார்.

பூடானுக்கு ஆயுசு குறைவு. சூடாக வாங்கி ஸ்டேடியம் வரை கொண்டுபோய்க் கொடுத்தால் சோறு இறுகிவிடும். ஆறினதை மைக்ரோவேவில் வைத்தால் உறை வெடிக்கும், சோறு காயும். இட்லிப் பானையில் ஆவியில் வைத்துக் கொடுத்தபோது எங்கள் வரிசைக் கூடாரமே எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் அந்தப் பானையை எங்கே வாங்குவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மிச்சப்பட்டதை உறையிலிருந்து பிதுக்கி, வாணலியில் கொஞ்சம் தீய விட்டு, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிப் புரட்டினால் மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்தது. வழியில் வேறொரு கடையில் ஒருமுறை நடு இன்னும் சில்லிட்டிருக்கிற பூடானைக் கொடுத்தார்கள். ஆவி வராத பூடானை யார் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஈரல் சேர்ந்த பண்டம்.

சுட்டுத் தின்ன என்ன வாங்குவது என்ற கேள்வி நிற்கிறது. லூசியானாக்காரர்கள் கை காட்டுவது வெங்காயத்தாள் சேர்த்த பச்சை சாசேஜ். புகை போடாதது, அதனால் உள்வரை வேக வேண்டும், வெப்பமானி குத்தினால் 160 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது எதிரியின் சரக்கு. நவம்பர் வாக்கில் அலபாமாவோடு ஆட்டம் வரும்போது அந்த ஊர் ரசிகர்கள் கனெக்கா சாசேஜைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்கள். அலபாமாவின் எவர்கிரீன் என்ற சிற்றூரில் 1947இலிருந்து செய்வது, ஹிக்கரி விறகுப் புகை, லேசான இனிப்பு, உறை கடித்தால் ‘டப்’பென்று உடையும். சுடுவதற்கென்றே பிறந்தது. எங்கள் கூடாரத்தில் இதை வாய்விட்டுச் சொன்னால் சோறு கிடைக்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி, கருஞ்சிவப்பு முத்துமாலை போட்டுக்கொண்டு, சாசேஜ் உருண்டை கொண்டுவந்தார். தெற்கு மாநிலங்களில் ஃபுட்பாலும் கிறிஸ்மஸும் இது இல்லாமல் நடக்காது. காலைச் சாப்பாட்டுக்கு விற்கிற உறையில்லாத பச்சை சாசேஜ் கறி ஒரு பவுண்டு, பிஸ்க்விக் என்கிற தயார் மாவுக்கலவை மூன்று கப், துருவிய செடார் சீஸ் நாலு கப், பிடிப்பதற்குக் கொஞ்சம் பால். பிசைந்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, 350 டிகிரியில் இருபது இருபத்தைந்து நிமிடம். அவர் அழுத்திச் சொன்னது, பையில் துருவி விற்கிற சீஸ் கூடாது என்பதை. ஒட்டாமல் இருக்க அதில் மாவுச்சத்துப் பூசியிருப்பார்கள், உருண்டை வறண்டுபோய் உதிரும். கட்டியாக வாங்கிக் கையால் துருவ வேண்டும். நான் இதில் ஒரு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன். பாட்டி கறிவேப்பிலையை மட்டும் எடுத்து மோந்து பார்த்து, ‘இது என்ன இலை, கண்ணு?’ என்று கேட்டார். அவர் பேத்தி வீட்டுச் சன்னலோரத்தில் இப்போது ஒரு கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது.

நம்மவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஆண்டூயியின் உள்ளே பன்றி, ஆனால் உறை பல கடைகளில் மாட்டுக்குடல். மாட்டிறைச்சி தவிர்க்கிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், உறையை உரித்துவிட்டால் போதுமா என்பது உங்கள் மனசுக்கு விட்டது. கோழி, வான்கோழி சாசேஜ் என்று எழுதியிருந்தாலும் உறை பன்றியுடையதாக இருக்கலாம், பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். முதலை சாசேஜிலும் பெரும்பாலும் பன்றிக்கறி கலந்திருக்கும். சைவக்காரர்களுக்கு இந்தக் கூடாரங்களில் சோளரொட்டியும் பொரித்த வெண்டைக்காயும் தேறலாம், எதில் செய்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள். பச்சைப் பட்டாணி, கீரை என்று நம்பி எதையும் எடுக்காதீர்கள், அடியில் ஒரு பன்றி எலும்பு கிடக்கும்.

இனி வாங்குகிற விவரம். ஆண்டூயி காற்று நீக்கிய பையில் வரும், உறைப்பெட்டியில் மாதக்கணக்கில் நிற்கும். குளிர்காலம் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், முதல் வாடைக்காற்று அடித்த அன்று லூசியானா முழுக்கக் கம்போ வைக்கும், கடையில் வரிசை நிற்கும். லப்ளாஸ் கடைகளில் தபாலிலும் அனுப்புகிறார்கள், ஐஸ் வைத்து அனுப்புவதால் கூலி கறி விலையோடு போட்டி போடும். நாலு வீடு சேர்ந்து வாங்கினால் தாங்கும். ஸ்காட்டுக்கு ஆட்ட நாள் காலையில் போகாதீர்கள், ஊதாச் சட்டைக் கூட்டம் மொத்தமாக இறங்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் நல்லது. காரில் ஐஸ் பெட்டி இருக்கட்டும், அக்டோபரிலும் இங்கே வெயில் கறியைக் கெடுக்கிற வெயில்தான்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஜேக்கப்ஸ் ஆண்டூயிக்கு ஐந்துக்கு ஐந்து, சட்டியில் போடுவதாக இருந்தால். பெஸ்ட் ஸ்டாப் பூடானுக்கு நாலரை, அந்த அரை மதிப்பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவர முடியாததற்காகக் கழித்தேன். கனெக்காவுக்கு நாலு, ஆனால் என் வீட்டுக்காரரிடம் மூன்று என்று சொல்லியிருக்கிறேன். ஸ்காட்டுக்கு மேற்கே ஜென்னிங்ஸ் என்று ஓர் ஊர், அவர்கள் தங்களைப் பிரபஞ்சத்தின் பூடான் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே இன்னும் போகவில்லை. போன பிறகு இந்த மதிப்பெண்களைத் திருத்த நேர்ந்தால் இதே இடத்தில் எழுதுகிறேன்.